கூலி, வாரம், குத்தகை: ஜிம் பயிற்சியாளரின் சம்பளம் குறித்துச் சில குறிப்புகள்

1

உடல் குறித்து நமது சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதப்பட்டாயிற்று. ஃபூக்கோவின் 'ஒழுங்குபடுத்தலும் தண்டனையும்' (1975) தமிழ்ச் சூழலுக்குள் பேச்சாக வந்து சேர்ந்த நாளிலிருந்து 'பணியவைக்கப்பட்ட உடல்' என்கிற தொடர் கவிதை விமர்சனத்தில்கூடப் புழங்குகிறது. படைமுகாம், பள்ளிக்கூடம், சிறைச்சாலை என்று அதிகாரம் உடல்மீது எழுதிச் செல்லும் இடங்களைப் பட்டியலிடுகிறோம். அந்த இடங்களில் நின்று 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு மாதக் கடைசியில் எவ்வளவு கொடுக்கிறார்கள், எந்தக் கணக்கில் கொடுக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் நமது விவாதத்துக்குள் வந்தபாடில்லை. கேட்டால் பொருளாதாரவாதம் என்று சொல்லிவிடுவார்கள். சொல்லட்டும்.

சென்னையின் வணிகமயமான ஜிம்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பயிற்சியாளருக்கு எப்படிச் சம்பளம் கொடுக்கப்படுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள். சென்ற சில ஆண்டுகளில் இந்த வேலையிலிருக்கும் இளைஞர்கள் ஏழெட்டுப் பேருடன் பேசியதும், தொழிலாளர் சட்டங்களைப் புரட்டியதும் சேர்ந்து உருவான குறிப்புகள் இவை. எண்கள் வருமிடத்தில், அவை கணக்கைப் புரியவைக்க நான் எடுத்துக்கொண்டவை. ஜிம்முக்கு ஜிம் மாறுபவை. கணக்கின் வடிவம் மாறுவதில்லை.

முதலில் ஒரு வேறுபாடு. மண்தரையும் கர்லாக்கட்டையும் ஆஞ்சநேயர் படமும் உள்ள பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் வாத்தியாரே பெரும்பாலும் உடைமையாளர். மாதம் இவ்வளவு என்று வாங்குவார். வசதியில்லாத பையனிடம் வாங்கமாட்டார். குளிரூட்டப்பட்ட ஜிம்மில் உடைமையாளர், மேலாளர், விற்பனைப் பிரிவு, தளப் பயிற்சியாளர், தனிப் பயிற்சியாளர் என்று வேலை பிளவுண்டு கிடக்கிறது. வாடிக்கையாளரும் இரண்டு தடவை பணம் கட்டுகிறார். உறுப்பினர் கட்டணம் ஒன்று. அது கருவிகளையும் இடத்தையும் பயன்படுத்துவதற்கு. தனிப் பயிற்சிக் கட்டணம் மற்றொன்று, 'பி.டி.' என்று சொல்கிறார்களே, அது. ஒரு பயிற்சியாளர் ஒரு மணிநேரம் தன்னோடு மட்டும் நிற்பதற்கான விலை. இந்த இரண்டாவது பணத்தை யார், எந்த விகிதத்தில் பங்கிடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பங்கிடும் முறைகள் மூன்று. அவற்றுக்கு ஆங்கிலத்தில் நவநாகரிகமான பெயர்கள் உண்டு. நமக்கோ நெல் விளைந்த ஊர்களிலிருந்து வந்த பெயர்களே போதும்: கூலி, வாரம், குத்தகை.

2

கூலியில் தொடங்குவோம். புதியவர் எவரும் எடுத்தவுடன் தனிப் பயிற்சியாளர் ஆகிவிடுவதில்லை. 'ஃப்ளோர்' என்னும் தளத்தில் நிற்க வேண்டும். எடைத்தட்டுகளைப் பொறுக்கி அடுக்குவது, தவறான முதுகோடு பாரம் தூக்குகிறவரைத் திருத்துவது, புதிதாகச் சேர்ந்தவருக்குக் கருவிகளைக் காட்டுவது எல்லாம் இதில் அடக்கம். இதற்கு மாதச் சம்பளம். 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 8 மணிநேரம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 208 மணிநேரம். மணிக்கு ஏறத்தாழ 72 ரூபாய்.

எட்டு மணிநேரம் என்று சொன்னேன். அது தொடர்ச்சியான எட்டு அல்ல. ஜிம்மில் கூட்டம் காலையிலும் மாலையிலும்தான். ஆகவே வேலைநேரமும் உடைக்கப்படுகிறது. காலை 6 முதல் 10 வரை, மாலை 5 முதல் 9 வரை. நடுவிலுள்ள ஏழு மணிநேரத்துக்குக் கூலி கிடையாது. வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து தென்சென்னைக்கு வந்துபோகிற ஒரு தம்பி சொன்னார்: "வீட்டுக்குப் போயிட்டு வந்தா பெட்ரோலுக்கே சம்பளம் போயிடும்ணா. ஸ்டோர் ரூம்ல மேட்டைப் போட்டுப் படுத்துக்குவேன். பதினஞ்சு மணிநேரம் ஜிம்லதான் இருக்கேன். கேட்டா எட்டு மணிநேர வேலைம்பாங்க."

இந்த உடைப்பு சட்டத்துக்குத் தெரியாத ஒன்றல்ல. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் (அன்று சென்னை மாகாணத்தது, இன்று தமிழ்நாட்டினது) வேலைநேரத்தோடு நின்றுவிடவில்லை. வேலையும் இடைவேளையும் சேர்ந்த மொத்தப் பரப்பு ஒரு நாளில் 12 மணிநேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் சொல்கிறது. காலை 6 முதல் இரவு 9 வரை என்பது 15 மணிநேரப் பரப்பு. வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கப்படும் இடமும் 'கடை' என்பதே அச்சட்டத்தின் வரையறை. 2021இல் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்ட திருத்தம், ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்கிறது; ஜவுளிக்கடைப் பெண்களின் கால்வலி வாங்கித் தந்த திருத்தம் அது. தளத்தில் பயிற்சியாளர் உட்கார்ந்தால் 'எனர்ஜி இல்லை' என்று கணக்கெழுதும் மேலாளர் உண்டு. ஜவுளிக்கடைக்கும் ஜிம்முக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர்தான்.

கூலி பெறாத வேலை இன்னும் இருக்கிறது. புதிய உறுப்பினருக்கு 'இலவச மதிப்பீடு' என்று ஒரு மணிநேரம் கொடுக்கப்படுகிறது. எடை, கொழுப்பு விழுக்காடு, முட்டிவலி, போன வருஷத்து ஆபரேஷன் எல்லாம் விசாரித்து, நான்கு பயிற்சி செய்யவைத்து, கடைசியில் தனிப் பயிற்சி எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். உறுப்பினருக்கு இலவசம் சரி. யார் செலவில் இலவசம்? அவர் தனிப் பயிற்சி எடுக்கவில்லையென்றால் அந்த மணிநேரம் பயிற்சியாளரின் கணக்கில் எழுதப்படாமலே போய்விடுகிறது. உண்மையில் இது விற்பனை வேலை. விற்பனையாளனின் வேலையைப் பயிற்சியாளன் செய்கிறான். சட்டையில் மட்டும் 'கோச்' என்று எழுதியிருக்கிறது.

3

இரண்டாவது, வாரம். நிலத்தைப் பயிரிட்டு விளைச்சலைப் பங்கிடும் வாரமுறை நமக்குத் தெரியும். நிலக்காரருக்குப் போவது மேல்வாரம். பயிரிட்டவருக்கு நிற்பது குடிவாரம். தளத்தில் சில மாதம் நின்ற பிறகு பயிற்சியாளருக்குத் தனிப் பயிற்சிக் கட்டணத்தில் பங்கு கொடுக்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தோடு பங்கு என்பது இங்கே பரவலான முறை. அமெரிக்காவிலும் தொடக்கநிலைப் பயிற்சியாளரின் கதை இதுவே: தளத்தில் நிற்கும் மணிநேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி, பயிற்சி கொடுக்கும் மணிநேரத்துக்குப் படிநிலைப்படுத்தப்பட்ட தனித் தொகை. ஒரு வித்தியாசம் உண்டு. 1938ஆம் ஆண்டின் சட்டம் அங்கே மணிநேரத்தைக் கணக்கின் அலகாக ஆக்கி வைத்திருக்கிறது. கூட்டாட்சி அளவிலான குறைந்தபட்சம் 2009இல் மணிக்கு 7.25 டாலர் என்று நிர்ணயமானது, பல மாநிலங்களில் அதற்கும் மேல். எழுதப்படாத மணிநேரத்துக்காக வழக்குப் போடலாம், போட்டுமிருக்கிறார்கள். இங்கே மாதச் சம்பளத்துக்குள் மணிநேரம் கரைந்துவிடுகிறது.

வாரத்தின் நுட்பத்தைக் கணக்குப் போட்டால்தான் பிடிபடும். 12 வகுப்புகள் கொண்ட தொகுப்பின் விலை 12,000 ரூபாய். பயிற்சியாளரின் மாத இலக்கு 50,000 ரூபாய். இலக்கை எட்டாவிட்டால் 20 சதவீதம், எட்டினால் மொத்தத்துக்கும் 40 சதவீதம். நான்கு பேரைச் சேர்த்தால் விற்பனை 48,000, பங்கு 9,600. ஐந்து பேரைச் சேர்த்தால் விற்பனை 60,000; பங்கு 24,000. ஐந்தாவது ஆளால் பயிற்சியாளருக்குக் கூடுதலாக வருவது 14,400 ரூபாய். அந்த ஆள் கட்டுகிற பணமோ 12,000தான்!

இந்த ஓட்டையின் வழியே என்ன நுழைகிறது என்று பாருங்கள். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது நான்கு பேரோடு நிற்கும் பயிற்சியாளன், ஐந்தாவது ஆளுக்குத் தன் கையிலிருந்தே தள்ளுபடி கொடுக்கிறான். நண்பர்கள் பெயரில் தானே பணம் கட்டியவர்களையும் அறிவேன். தொழிலாளியே தன் உழைப்பை வாங்கிக்கொள்ள முதலாளிக்குப் பணம் கட்டும் இந்த இடத்தில், மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) துண்டுக்கூலி பற்றி எழுதியவற்றை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. துண்டுக்கூலியில் மேற்பார்வை தேவையற்றதாகிவிடும், தொழிலாளியே தன்னை விரட்டிக்கொள்வான் என்பது அவர் கவனிப்பு. ஜிம்மில் விரட்டுவதற்கு ஒரு வாட்சப் குழுவும் உண்டு; யார் எவ்வளவு விற்றார்கள் என்று தினமும் இரவில் வரிசைப்பட்டியல் வரும்.

அடுத்த நுட்பம் 'விற்றதற்கா, கொடுத்ததற்கா' என்பது. பல இடங்களில் பங்கு, விற்ற தொகுப்புக்கு இல்லை. உண்மையில் நடந்த வகுப்புக்கே. ஐந்து பேரின் 60 வகுப்புகளில் 45தான் நடந்தன என்று கொள்வோம். ஒருவருக்கு அலுவலகத்தில் இரவுப்பணி, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு வெறுமனே சோம்பல். காலக்கெடு முடிந்தால் மீதி 15 வகுப்புகள் காலாவதி. பயிற்சியாளருக்கு 45,000இல் 40 சதவீதம், அதாவது 18,000. ஜிம்முக்கு மீதி 42,000. தாளில் 60க்கு 40 என்று இருந்தது நடைமுறையில் 70க்கு 30 ஆகிவிட்டது. வராத ஆளுக்காகக் காலை 6 மணிக்கு வந்து காத்திருந்தது பயிற்சியாளர். வராததால் லாபம் பெற்றது ஜிம். விளையாத நிலத்திலிருந்தும் மேல்வாரம் வசூலாகும் விந்தை இது.

வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். 1952இல் வந்த தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குடிவாரம் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக்கூடாது என்றது. 1956இல் நியாயவாரச் சட்டம் நன்செயில் நிலக்காரருக்கு நூற்றுக்கு நாற்பதுதான் என்று அதைத் தலைகீழாக்கியது. காவிரிப் படுகையில் செங்கொடியின் கீழ் சிந்தப்பட்ட ரத்தத்துக்கும் இச்சட்டங்களுக்குமான உறவை நான் விளக்க வேண்டியதில்லை. இலக்கை எட்டிய மாதத்தில் 40 சதவீதம் பெறும் ஜிம் பயிற்சியாளர் 1952இன் தஞ்சாவூரில் நிற்கிறார். எட்டாத மாதத்தில் அதற்கும் முன்னால்.

ஜிம்காரர் பதில் வைத்திருப்பார்: இடவாடகை என்னுடையது, மின்கட்டணம் என்னுடையது, ஒவ்வோர் ஓட்டப்பொறியும் லட்சக்கணக்கில், நிலத்தோடு எப்படி ஒப்பிடலாம்? நியாயமான கேள்விதான். வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சிப் பயிர் செய்தவனின் செலவை இங்கே ஜிம் ஏற்கிறது. ஆனால் அந்தச் செலவுக்கென்றே அதே வாடிக்கையாளரிடம் உறுப்பினர் கட்டணம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. ஒரே ஓட்டப்பொறிக்கு உறுப்பினரிடம் ஒருமுறையும், பயிற்சியாளரின் பங்கிலிருந்து இன்னொருமுறையும் வசூலிப்பதைத்தான் கேட்கிறோம்.

4

மூன்றாவது, குத்தகை. பிரிட்டனின் மலிவுக்கட்டண ஜிம் சங்கிலிகள் இதைப் பெரிய அளவில் நிலைநாட்டின. பயிற்சியாளர் அங்கே ஊழியரே அல்லர், சுயதொழில் செய்பவர். ஜிம்முக்கு மாதவாடகை கட்டிவிட்டு, வாடிக்கையாளரிடம் வாங்கும் முழுப்பணத்தையும் தானே வைத்துக்கொள்ளலாம். கையில் வாடகை இல்லாத புதியவரோ வாடகைக்குப் பதிலாக வாரத்தில் இத்தனை மணிநேரம் தளத்தில் வேலை செய்து கழித்துக்கொள்ள வேண்டும்: துடைப்பது, வகுப்பு எடுப்பது, ஆட்களை வரவேற்பது.

'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் (1894) நிலவாடகையின் பரிணாமம் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. உழைப்பாகக் கொடுக்கும் வாடகை முதலில், விளைபொருளாகக் கொடுப்பது அடுத்து, பணமாகக் கொடுப்பது கடைசியில் என்று நூற்றாண்டுகளை அளக்கிறது அது. பிரிட்டிஷ் ஜிம்மில் ஒரு பயிற்சியாளர் உழைப்பு வாடகையில் தொடங்கிச் சில மாதங்களில் பண வாடகைக்கு வந்துவிடுகிறார். பழைய வடிவங்கள் செத்துப்போவதில்லை. ஒரே ஆளின் வாழ்வுக்குள் வரிசையாக வந்து நிற்கின்றன.

சென்னையிலும் 'ஃப்ரீலான்ஸ்' என்ற பெயரில் இது உண்டு. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு, அல்லது மாதத்துக்கு இவ்வளவு என்று ஜிம்முக்குக் கட்டிவிட்டுத் தன் வாடிக்கையாளரைக் கூட்டிவந்து பயிற்சி கொடுப்பது. பத்து வாடிக்கையாளர் கைவசமுள்ள மூத்த பயிற்சியாளருக்கு இது விடுதலைதான், மறுப்பதற்கில்லை. தொடக்கநிலையில் இருப்பவருக்கு வாடகை நிச்சயம், வருமானம் அநிச்சயம். 2020இல் ஊரடங்கில் ஜிம்கள் மூடப்பட்டபோது, கூலிக்காரர் பாதிச் சம்பளமாவது கேட்க ஒரு கதவு இருந்தது. வாரக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் தட்டுவதற்குக் கதவே இல்லை.

5

இனி மொழி. தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இந்த இடம் முக்கியம்.

இந்தத் தொழிலில் பணத்துக்கு எத்தனை பெயர்கள்! சம்பளம், இன்சென்டிவ், கமிஷன், பே-அவுட், கன்சல்டன்சி ஃபீஸ். இவை ஒரே பொருளின் பல பெயர்கள் போலத் தோன்றலாம். சட்டத்தின் முன் ஒவ்வொன்றும் வேறு உலகம். 2019இல் இயற்றப்பட்டு, 21 நவம்பர் 2025 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத்தொகுப்பு 'ஊதியம்' என்ற சொல்லின் வரையறையிலிருந்து 'கமிஷனை' வெளியே நிறுத்துகிறது. இப்படி வெளியே நிறுத்தப்பட்டவற்றின் கூட்டுத்தொகை மொத்த வருவாயில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் திரும்ப ஊதியமாகும். வேலையை விட்டு நின்றவருக்கு இரண்டு வேலைநாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்கச் சொல்வதும் அதே சட்டந்தான். சொல்லிக்கொண்டு விலகிய பயிற்சியாளரின் 24,000 ரூபாய்ப் பங்கு அந்த இரண்டு நாள் விதிக்குள் வருமா என்பது, அந்தப் பணத்துக்கு நியமனக் கடிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. சொல் இங்கே குறி அன்று, சோறு.

'கன்சல்டன்ட்' என்ற பெயர் இன்னும் தந்திரமானது. தொழில்முறைக் கட்டணம் என்று எழுதி 10 சதவீத வரியைப் பிடித்துக்கொள்வார்கள். இ.எஸ்.ஐ. இல்லை, சேமநிதி இல்லை. தோள்பட்டை விலகினால் சொந்தச் செலவு. ஆனால் வேலைக்கு வரும் நேரம், அணியும் சட்டை, பேசும் வசனம் எல்லாவற்றையும் நிர்ணயிப்பது ஜிம்.

பெயர் எதுவாயினும் உள்ளே இருக்கும் உறவைப் பார் என்று நமது உச்ச நீதிமன்றம் சொல்லி அரை நூற்றாண்டு ஆயிற்று. 1973இல் சில்வர் ஜூபிலி தையலகம் வழக்கு. உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்தவர்கள், வரும் நேரம் கண்டிப்பில்லை, வேறிடத்திலும் தைக்கலாம். எனினும் தையல் இயந்திரம் கடைக்காரருடையது, தையல் சரியில்லையென்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் அதிகாரமும் அவருடையது. எனவே அவர்கள் கடையின் ஊழியர்களே என்றது தீர்ப்பு. அதற்கும் முன்பாக, திராங்கத்ரா கெமிக்கல்ஸ் வழக்கில் உப்பளத்து அகாரியாக்களும், மணங்குக்கு இவ்வளவு என்று கூலி பெற்றபோதும், தொழிலாளர்களே என்று தீர்ப்பாகியிருந்தது. தையல் இயந்திரம் இருந்த இடத்தில் ஓட்டப்பொறியை வைத்துப் பாருங்கள். 'ஃப்ரீலான்ஸ்' ஆட்கள் எல்லோரும் ஊழியராகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை; ஒவ்வொரு வழக்கும் தன் விவரங்களோடு நிற்கும். நேரமும் சட்டையும் வசனமும் ஜிம்முடையதாக உள்ள 'கன்சல்டன்ட்' அந்தத் தையற்காரருக்கு மிக நெருக்கமானவர்.

6

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தத் தொழிலில் உழைப்புக் கருவி உடம்பே. சிகாகோவின் குத்துச்சண்டைக் கூடத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் தானே பயிற்சி எடுத்த பிரெஞ்சுச் சமூகவியலாளர் லோயிக் வக்கான், உடலை மூலதனம் என்று அழைத்தார். அந்த மூலதனத்தைப் பராமரிக்கும் செலவு யாருடையது? முட்டை, கோழிக்கறி, புரதப்பொடி எல்லாம் பயிற்சியாளரின் 15,000க்குள்தான். சான்றிதழும் அப்படியே. பெரிய ஜிம்கள் கேட்கும் அமெரிக்க நிறுவனங்களின் சான்றிதழை ஆங்கிலத்தில் படித்து, சொந்தப் பணத்தில் வாங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளிலிருந்து வருகிற பையனுக்கு உடல் பற்றிய அறிவு குறைவில்லை. 'காரைத்' திறந்துகொண்டு இறங்குபவரிடம் ஆங்கிலத்தில் தொகுப்பை விற்கத் தெரியவில்லை என்று அவனைத் தளத்திலேயே நிறுத்திவைக்கிறார்கள். நான் பேசியவர்களில் தளத்திலேயே தேங்கிப்போனவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்தார்கள் என்பதைப் பார்த்தபோது, இது தனிமனிதத் திறமைக் குறைவு என்று என்னால் நம்ப முடியவில்லை. சாதி இங்கே தன் பெயரைச் சொல்லாது. 'கம்யூனிகேஷன் ஸ்கில்' என்று சொல்லும்.

7

கட்டுரையை இத்தோடு நிறுத்தினால் இதுவும் வெறும் வாசிப்பாகிவிடும். தொழிற்சங்கத் தோழர்கள் இந்த இளைஞர்களைச் சந்திக்கிறபோது கையில் வைத்துக்கொள்ளத்தக்க கேள்விகள் சில உண்டு. வேலையில் சேருமுன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லலாம்.

பங்கு எந்தத் தொகையின் மீது? வாடிக்கையாளர் கட்டியதன் மீதா, ஜி.எஸ்.டி. கழித்தபின்னா? (22 செப்டம்பர் 2025இல் ஜிம்களுக்கான இந்த வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, பழைய கழிப்பையே இன்னமும் பயிற்சியாளர் பங்கில் போடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.) விற்றதற்குப் பங்கா, நடந்த வகுப்புக்கா? காலாவதியான வகுப்புகளில் பயிற்சியாளருக்கு என்ன? வேலைநேரத்துக்குள் கொடுக்கும் தனிப் பயிற்சிக்கும் வெளியே கொடுப்பதற்கும் விகிதம் ஒன்றா? இலவச மதிப்பீட்டு மணிநேரம் எந்தக் கணக்கில்? இலக்கு யார் நிர்ணயிப்பது, நடுவில் மாற்றலாமா? விலகினால், விற்றுவைத்த தொகுப்பின் மீதிப் பங்கு யாருக்கு?

10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களில் நியமனக் கடிதம் கொடுப்பது 2025 நவம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி கட்டாயம். கடிதம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. ஒருவர் கேட்டால் வேலை போகும் என்பது உண்மை. ஒரே ஜிம்மில் எட்டுப் பேர் சேர்ந்து கேட்டால் காலை 6 மணிக் கூட்டத்தை மேலாளர் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. ஜவுளிக்கடை விற்பனையாளர், உணவு கொண்டுசெல்லும் பையன்கள், ஜிம் பயிற்சியாளர் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு நிறைய இருக்கிறது. அந்த மேசையை யார் போடப்போகிறார்கள் என்பதைத் தோழர்கள் யோசிக்கட்டும். மதியம் 10 மணியிலிருந்து 5 மணிவரை இந்தப் பிள்ளைகள் ஸ்டோர் ரூமில் சும்மாதான் படுத்திருக்கிறார்கள்.